பெட்டி இல்லாத வீடு

திருநெல்வேலியிலிருந்து மும்பைக்குக் குடியேறிய நாள்முதல் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. பிள்ளைகளின் கண்கள் கெட்டுவிடக் கூடாதென்று வைராக்கியமாயிருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ஆனால் கைப்பேசியை நானே வாங்கினேன். தேர்தல் நாட்களில் அதில் வந்த காணொளிகளை இரவுதோறும் பார்த்து, பிறருக்கும் அனுப்பினேன். நாளடைவில், பக்கத்து வீட்டு மராத்தியரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இது புதிதல்ல. 1960-ல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' என்னும் கேலிச்சித்திர வார இதழ், மும்பை அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. சிரிப்பதற்கு வாங்கிய இதழ் அயலானைப் பகைவனாகக் காட்டிற்று. அன்று அப்பட்டியலில் இருந்தவர்கள் நம்மவர்; இன்று அதே வேலையைச் செய்தவன் நான்.

சென்ற கோடையில் எங்கள் சந்தில் குடிநீர் நின்றது. வீடு வீடாய் மனுவில் கையெழுத்து வாங்கி, வார்டு அலுவலகத்திற்கு என்னையும் அழைத்துச் சென்றவர் அந்த மராத்தியரே. அரசியல் நமக்கு வேண்டாமென்று ஒதுங்கியிருந்த நான், வெட்கத்தோடு அவருடன் வரிசையில் நின்றேன்.

பெற்றோரே, பிள்ளைகளின் கண்களைக் காக்கிற நாம் நம் கண்களையும் காத்துக்கொள்வோமாக.