54 மணி நேரம்

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் ஒரு புதுத்தொழிலை உண்டாக்கிக் காட்டுக என்று போட்டி வைத்தால், இஃதென்ன செப்பிடு வித்தையோ என்று நம்மவர் நகைப்பர். நாமும் நகைத்தவரே. 2007-இல் அமெரிக்க நாட்டுப் போல்டர் நகரில் ‘ஸ்டார்ட்அப் வீக்கெண்ட்’ என்னும் பெயரால் தோன்றி உலகெங்கும் பரவிய முறை இது; மொத்தம் 54 மணி நேரம். அதனைப் பின்பற்றி ஆயர் குரோவில் நடந்த போட்டியொன்றில், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் சென்ற ஆண்டு நாம் கலந்துகொண்டோம்.

வெள்ளி இரவு ஒவ்வொருவரும் 60 விநாடிக்குள் தம் எண்ணத்தைச் சொல்லவேண்டும். வாக்கு மிகுதியாகப் பெற்றவற்றுக்குக் குழு சேரும். ஞாயிறு மாலை நடுவர் முன்னிலையில் சிறு சொற்பொழிவு. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழ மூட்டைகளின் கணக்கைக் கைபேசியிலேயே பதியும் செயலி ஒன்றை நாம் எடுத்துரைத்தோம். ஆங்கிலவழிக் கல்வி பெற்ற நாவாகையால் சொல் தடைப்படவில்லை, வாக்கும் விழுந்தது. பல்கலைக்கழக மாணவர் இருவரும், ஜாசினில் மளிகைக் கடை வைத்திருக்கும் அந்நண்பரும் நம்முடன் சேர்ந்தனர்.

பெரும்பாலோர் இடறி விழுவது சனிக்கிழமையில்தான். மண்டபத்துக் குளிர்காற்றில் அமர்ந்து, திரைப்படங்களுக்கு வண்ணம் தேர்வதிலேயே பகல் போய்விடுகிறது. நடுவர் வினவுவனவோ மூன்று: பணம் வரும் வழி யாது? செய்து காட்டியது யாது? பயன்படுத்தப்போகிறவரைக் கண்டு கேட்டீரா? மூன்றாவதற்கு விடை மண்டபத்துள் ஏது? கடைக்கார நண்பர் நம் மூவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாம் கிராணியாக இருக்கும் தோட்டத்துக்கே விட்டார்.

வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுந்துவிட்ட அத்தோட்டத்தில், நம்மவருள் எஞ்சியிருப்போர் சிலர். உதிரிப்பழம் பொறுக்கும் முதிய அம்மையார் ஒருவரிடம் செயலியின் சிறப்பை விரிவாக விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

“தராசுல நிக்கிற எடைய நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், ஐயா. அது உங்க புத்தகத்துல ஏறுறப்ப ஏன் கொறையுது? அதச் சொல்ற மிசினு இருந்தா கொண்டாங்க” என்றார்.

மாணவர்கள் நம் முகத்தைப் பார்த்தனர். மண்ணும் கல்லும் கலந்திருக்குமென்று மூட்டைக்கு இவ்வளவு எனக் கழித்தெழுதுவது எங்கள் அலுவலக வழக்கம். கழித்தது நம் பேனா. 11 ஆண்டாகக் கழித்து வந்திருக்கிறோம். ஒருநாளேனும் அவரிடம் வாய் திறந்து சொன்னோமில்லை. எவருக்காகச் செயலி செய்யப் புறப்பட்டோமோ அவருக்குத் தேவைப்பட்டது எண்ணும் கருவியன்று. எண்ணியதை மறைக்காத கிராணி.

அன்றிரவு குழுவில் பூசல். “திரைப்படங்களெல்லாம் முடிந்துவிட்டன, இனி மாற்றுவதா?” என்றார் ஒரு மாணவர். நியாயமான கேள்விதான். எனினும் மாற்றினோம். எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, ஏன் என்பதை அன்றன்றே தொழிலாளரின் கைபேசிக்குத் தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் குரலாக அனுப்பும் ஏற்பாடு. விடியுமுன் அரைகுறையாக ஓடியது.

ஞாயிறு மாலை நாலரை மணிக்கு மேல்தான் எங்கள் முறை. இராகு காலம் என்று பக்கத்துக் குழுத் தம்பி ஒருவர் கலங்கினார். பேசிய குழுக்கள் அனைத்துக்கும் அதே இராகுதான். அவற்றுள் ஒன்று முதற்பரிசு பெற்றதை அவரே கண்டார்!

நமக்குப் பரிசு இல்லை. தயாரித்தால் வாங்கப்போவது தோட்ட நிர்வாகமன்றோ, அது ஏன் வாங்கும் என்று நடுவர் கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை. 2011-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் போட்டியில் முதற்பரிசைத் தவறவிட்ட நம் நாட்டார் இருவரின் வாடகை வண்டித் திட்டமே, 2012-இல் மைடெக்சியாகிப் பின்னர் கிராப் ஆயிற்று என்று மாணவர் தேற்றினர். நம் மனம் அதில் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை தராசடியில் நின்று, ஒவ்வொரு மூட்டைக்கும் எடையையும் கழிவையும் உரக்கப் படித்தோம். மண்டோர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை; விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர், நான்காம் மூட்டையில் நிறுத்தி, “இதுல கல்லே இல்லியே, ஐயா” என்றார். அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தோம். இல்லை.