வகுப்பறையிலிருந்து ஹேக் வரை

உலக மாநாடுகளில் இளைஞர்களுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் குழுப் புகைப்படத்தின் முன்வரிசைதான். வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில் சட்டம் படித்த 27 மாணவர்கள் வேறு வழியில் போனார்கள்.

2019இல் தென்பசிபிக் பல்கலைக்கழக வகுப்பொன்றில் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பருவநிலைச் சீர்கேட்டைத் தடுப்பதில் நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? பசிபிக் தீவுத் தலைவர்களை அணுகினார்கள். வனுவாட்டு அரசு அந்தக் கேள்வியைத் தன்னுடையதாக ஏற்றது. மாணவர் பேச்சை நம்பி ஓர் அரசு உலக நாடுகளிடம் ஆதரவு திரட்டக் கிளம்பியது, சின்ன நாடு என்பதாலோ என்னவோ!

2023 மார்ச் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வனுவாட்டைப் புரட்டிப்போட்டன. அதே மாதம் 29ஆம் தேதி, அந்தக் கேள்வியை நீதிமன்றத்திடம் எழுப்பும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றியது.

2024 டிசம்பரில், நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரில் விசாரணை. அந்த மாணவர்கள் தொடங்கிய அமைப்பின் தலைவி, சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியுஹி, முதல் நாளே நீதிபதிகள் முன் பேசினார்.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தனர்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். இந்தக் கருத்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் இனி எந்த நாட்டு வழக்கறிஞரும் தன் வாதத்தில் அதை மேற்கோள் காட்டலாம்.