பாலாற்றுக்கு அப்பால்

சேலத்துக்காரர் வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட்டால், அவர்களை அழைத்துக்கொண்டு போக முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. வெயில் கடுமையாயிருந்தால் ஏற்காடு, இல்லாவிட்டால் மேட்டூர். மேட்டூர் யாத்திரையின் கிரமமும் எல்லாருக்கும் தெரிந்ததே. 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த அணையை அண்ணாந்து பார்ப்பது; 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று விசாரிப்பது; அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிடுவது; வறுத்த மீனை வாங்கித் தின்பது; பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவது. அணைக்குப் பின்னால் ஒரு பெரிய வனராஜ்யம் ஆரம்பமாகிறது என்பதை நம்மில் அநேகர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மேட்டூரிலிருந்து கொளத்தூர் மார்க்கமாகப் போகும் பாதை அந்த ராஜ்யத்தின் வாசலுக்கு நம்மை இட்டுச் செல்லும். வலது பக்கத்தில் அவ்வப்போது நீர்த்தேக்கம் தென்படும். தண்ணீர் வெகுவாக வற்றிய வருஷங்களில், பண்ணவாடிக்கு அருகே முழுகிக் கிடக்கும் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரங்களும் வெளியே தலைகாட்டும். கோவிந்தபாடியைக் கடந்தால் வீடுகள் குறைந்து மலைகள் நெருங்கி வருகின்றன. பிறகு பாலாறு, சோதனைச் சாவடி, பாலம். பாலத்தைத் தாண்டினால் கர்நாடக மாநிலம். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்களுக்கு இந்தப் பாதை நன்கு பரிச்சயமானது.

மனிதர்களுக்குத்தான் அங்கே எல்லை, யானைக்கு இல்லை. காவேரியின் இரு கரையிலும் காடு தொடர்ந்து கிடக்கிறது. ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலைக் காடுகளும் கர்நாடகத்தின் காவேரி சரணாலயமும். மறுபக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2022 நவம்பரில் தமிழக அரசாங்கம் அறிவித்த காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம். சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சரணாலயம் தமிழ்நாட்டின் பதினேழாவது. தெற்கே, 2013-ல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலக் காடு. யானை, சிறுத்தை, நீர்நாய், முதலை, மலை அணில் எல்லாவற்றுக்கும் இது ஒரே வீடு. பல அறைகள், அவ்வளவுதான்.

இந்த வீட்டுக்குக் காவல் வேண்டாமா? காவலின் விலை என்ன என்பதைப் பாலாறு நன்கு அறியும். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி, சந்தன மரமும் தந்தமும் கடத்திய வீரப்பனைத் தேடிச் சென்ற கூட்டத்தின் வண்டிகள் இந்தப் பக்கத்துக் காட்டில் கண்ணிவெடியில் சிதறின. 22 பேர் மாண்டார்கள். காவல்துறையினரும், வனக் காவலர்களும், வழிகாட்டப் போன சாமானிய ஜனங்களும் அதில் அடக்கம்.

அதற்கு முன்பே, 1991 நவம்பரில், வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டார். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்திலேயே தங்கி, ஜனங்களுக்கு வைத்திய வசதி செய்து கொடுத்து, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தந்தவர் அவர். சரணடைவதாகச் சொன்ன வார்த்தையை நம்பி ஆயுதமில்லாமல் போனார், திரும்பி வரவில்லை. தேசம் அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. அந்த ஊரார் அவரை இன்றும் நன்றியுடன் நினைக்கிறார்கள். இவற்றில் எது பெரிய விருது என்று நேயர்களே தீர்மானிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வேட்டை நடந்த காலத்தில் குற்றமற்ற மலைவாசிகளும் கிராமத்தாரும் சிறையிலும் விசாரணை முகாம்களிலும் சொல்லொணாத துன்பம் அனுபவித்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் கொடுக்கச் சொல்லிற்று. காக்கிச் சட்டையைக் கண்டால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் அப்படித்தான் உண்டாயிற்று. ஜனங்களின் நம்பிக்கை இல்லாமல் எந்தக் காவலும் நிலைக்காது.

ஆகையால் இன்று காட்டைக் காப்பவர்களில் பலர் அந்தக் காட்டோரத்து ஊர்ப் பிள்ளைகளாகவே இருப்பது பொருத்தமானது. 'வேட்டைத் தடுப்புக் காவலர்' என்று பெயர். நிரந்தர உத்தியோகம் அல்ல. பெரும்பாலும் ஒப்பந்தமும் தொகுப்பூதியமுந்தான். அரிசி பருப்பைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் உள்ள முகாமுக்குப் போக வேண்டும். சுருக்குக் கம்பிகளைத் தேடி அறுக்க வேண்டும். கோடை வருமுன் சருகைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். இரவில் யானை சோளக்காட்டில் இறங்கினால் அதை விரட்ட வேண்டும். குடியானவனின் வசவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலாற்றங்கரைத் தேநீர்க் கடையில் அப்படிப்பட்ட ஒருவரிடம், "யானைக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"யானை சத்தம் குடுத்தா விலகிப் போயிருமுங்க. நெருப்புக்குத்தானுங்க பயம். அதுக்குக் காது கிடையாதுங்களே" என்றார். பிறகு காலைப் பார்த்துக்கொண்டு, "நல்ல பூட்ஸு இருந்தா பாம்புக்கும் பயமில்லைங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவர் காலில் இருந்தது ரப்பர்ச் செருப்பு.

காவலன் வயிறு காய்ந்தால் காடு என்னவாகும்? 2025 ஜூன் மாதத்தில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப் புலியும் நான்கு குட்டிகளும் விஷத்தினால் செத்துக் கிடந்தன. மாட்டைப் பறிகொடுத்த கோபத்தில் அதன் உடலிலேயே விஷம் வைக்கப்பட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. அங்கே ஒப்பந்தக் காவலர்களுக்குச் சில மாதங்களாகச் சம்பளம் பட்டுவாடா ஆகவில்லை என்ற செய்தியும் அதே சமயத்தில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மாட்டுக்கு நஷ்ட ஈடும் காவலனுக்குக் கூலியும் காலத்தில் போய்ச் சேர்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கவலை அன்று. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலுள்ள விருங்கா தேசியப் பூங்கா 1925-ல் ஏற்பட்டது. மலைக் கொரில்லாக்களுக்குப் புகலிடம். அதைக் காக்கும் பணியில் 200-க்கு மேற்பட்ட காவலர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். நம் தேசத்திலோ, 1730-ல் ராஜஸ்தானத்துக் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களைக் கட்டிக்கொண்டு வெட்டுண்டு மாண்ட 363 பிஷ்ணோய் ஜனங்களின் நினைவாக, செப்டம்பர் 11-ஆம் தேதியை வனத் தியாகிகள் தினமாக அனுஷ்டிக்கிறோம். மாலை போடுவதோடு அது முடிந்துவிடலாகாது.

நாம் என்ன செய்யலாம்? மாதேஸ்வரனைத் தரிசிக்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையையும் மிச்சச் சோற்றையும் காட்டுப் பாதையில் எறியாமல் வீட்டுக்கே கொண்டு வரலாம். அணைக்காத பீடித் துண்டையும் அடுப்பு நெருப்பையும் விட்டுவராமல் இருக்கலாம். காட்டுப் பன்றிக் கறி கிடைக்கும் என்று யாராவது காதோடு காதாகச் சொன்னால், வேண்டாம் என்று உரக்கச் சொல்லலாம். வாங்குகிறவன் இல்லாவிட்டால் சுருக்கு வைப்பவனும் இல்லை. ஊர்ச் சங்கங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பூட்ஸ், மழைக்கோட்டு, டார்ச் விளக்கு முதலியவற்றை வாங்கிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நமது சட்டசபைப் பிரதிநிதிகளைப் பார்த்து, "காட்டுக் காவலருக்கு மாதச் சம்பளம் மாதத்தில் கிடைக்கிறதா? அவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

காவேரித் தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேர்வதற்கு முன் இந்தக் காடுகளின் ஊடேதான் வருகிறது. அணையின் அடிக்கணக்கைத் தினந்தோறும் பத்திரிகையில் தேடிப் பார்க்கும் நாம், அந்தக் காட்டைக் காப்பவரின் அடுப்பு எரிகிறதா என்பதையும் ஒருமுறை விசாரிப்பது நியாயந்தானே?