சிவகாமி அம்மையாருக்குப் பழவேற்காட்டிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள சிவகாமி அம்மா,

உங்கள் மகன் காமராசரைப் பற்றி நாடே பேசியாகிவிட்டது. இந்த மடல் உங்களுக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் விற்றுப் பிழைக்கும் வீட்டுப் பெண் எழுதுகிறேன்.

சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பிள்ளையை வளர்த்தீர்கள். அவர் ஆளானதும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறை கொண்டுபோயிற்று. கல்யாணப் பேச்சு எடுத்தீர்கள். அவர் இசையவில்லை, மருமகள் வரவேயில்லை. 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். 1963 அக்டோபர் வரை அவர் சென்னையில், தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில், நீங்கள் விருதுநகரில். அதோடு முடிந்ததா? 1964இல் காங்கிரஸ் தலைவராகி டெல்லிக்கும் போய்விட்டார்.

மாதம் 120 ரூபாய் அனுப்புவாராம். பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா, கலர் வாங்கிக் கொடுக்கவே பற்றவில்லை, 150 ஆக்கச் சொல் என்று நீங்கள் கேட்டும் அவர் ஒப்பவில்லை என்பார்கள். வீட்டுக்குள் நகராட்சி போட்டுக் கொடுத்த குடிநீர்க் குழாயையும் எடுக்கச் சொல்லிவிட்டார் என்பார்கள்.

மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் அடங்க நேரமாகும். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு மட்டும் அந்தக் குழாய் நெஞ்சில் தைக்கும். ஏரியும் உப்பு, தோண்டினால் ஊறுவதும் உப்பு. நல்ல தண்ணீர்க் குடத்தைச் சுமந்தே பழகிய இடுப்பு எங்களுடையது. அவர் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய நேர்மைக்காக அந்த வயதில் தண்ணீருக்குத் தவித்தது உங்கள் வீடுதானே அம்மா? அதை யாராவது உங்களிடம் கேட்டார்களா?

எங்கள் வீட்டு ஆண்கள் சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகளில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் போவார்கள். காற்று திரும்பினால் வயிற்றில் புளி கரையும். ஆனாலும் கரைக்கு வந்துவிட்டால் கிடைத்த பங்கு வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் மகன் தலைநகரில் பாடுபட்டதெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குப் போயிற்று.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் அம்மா. மீன் படாத நாளில் அவர்கள் வீட்டில் உலை ஏறாது. 1956இல் உங்கள் மகன் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊர் ஊராகப் பரவி வந்தபோது, ஒரு வேளைச் சோறாவது கிடைக்கட்டும் என்றுதான் என் பாட்டி அம்மாவைப் பள்ளிக்கு அனுப்பினார். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஏலத்தில் என் அம்மாவிடம் ஒரு காசு ஏமாற்ற எந்த வியாபாரியாலும் முடிந்ததில்லை. கூடையை இறக்கும் முன்பே வட்டிக் கணக்கை மனதுக்குள் போட்டு முடித்திருப்பார். அந்தக் கணக்கை அவர் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். என் மகள் இன்று பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள்.

'என் மகன் என்னோடு இருக்கட்டும்' என்று நீங்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. அவரை எங்களுக்கு விட்டுக் கொடுத்தீர்கள். என் அம்மா சார்பிலும் என் மகள் சார்பிலும் உங்களுக்கு நன்றி அம்மா.

இப்படிக்கு,
பழவேற்காட்டு மீனவப் பெண் ஒருத்தி