நியூ ஜெர்சியிலிருந்து வந்த மீன்

ஜூலை மாதத்தில் சான் ஹோசே வெயில் 90 டிகிரியைத் தாண்டும் நாளில், வடக்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பசிபிக்காவில் ஆட்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மீன் பிடிப்பார்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, மேல்தண்ணீரைக் கரையை விட்டு வெளியே தள்ளுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்துத் தண்ணீர் ஏறி வருகிறது. கோடையிலும் 12, 13 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நாட்கள் உண்டு. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு, கால் நனைத்த முதல் நாள் இதைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் சத்தைக் கொண்டு வருகிறது. சத்தினால் பாசி, பாசியினால் நெத்திலி. நெத்திலிக் கூட்டம் கரையோரம் ஒதுங்கினால் கூழைக்கடாக்கள் மேலிருந்து விழும். கீழிருந்து ஸ்ட்ரைப்டு பாஸ் வரும். உடம்பு நம் கொடுவாவைப் போல. பக்கவாட்டில் ஏழெட்டுக் கறுப்பு வரிகள். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ஸ்ட்ரைப்பர் என்பார்கள்.

பசிபிக்காவில் 1973இல் கட்டிய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பொதுப் பாலங்களில் தூண்டில் போட உரிமம் வேண்டாம். மணலில் இறங்கினால் வேண்டும். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எங்குமே வேண்டாம். ஸ்ட்ரைப்பர் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டுதான். 1935இலிருந்து இதை வணிகத்துக்காகப் பிடிப்பதும் கிடையாது. கடலில் வளர்ந்த ஸ்ட்ரைப்பர் வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பிடித்தால்தான் உண்டு.

நானும் என் மகளும் நான்கு கோடைகளாகப் போகிறோம். நான் எறிந்தால் தங்கூசி சிக்கும். அவள் எறிந்தால் அலை தாண்டி விழும். அவளுக்கு 14 வயது.

இந்த மீன் இந்தக் கடலுக்கு உரியது அல்ல. 1879இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்ற மீன்வளத் துறைக்காரர், நியூ ஜெர்சியின் நேவசிங்க் ஆற்றில் பிடித்த குஞ்சுகளைத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து, ரயிலில் நாட்டின் குறுக்கே கொண்டு வந்தார். இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதைக்கு அப்போது வயது பத்து. வழியெல்லாம் தண்ணீரை மாற்றி, பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்து, உயிரோடு வந்து சேர்ந்த சுமார் 130 குஞ்சுகளை மார்ட்டினெஸ் அருகே நீரிணையில் விட்டார்கள். 1882இல் இன்னொரு தொகுதி, சுமார் 300. அவ்வளவுதான். பத்தே ஆண்டுகளில் சான் ஃபிரான்சிஸ்கோ மீன் கடைகளில் ஸ்ட்ரைப்பர் விற்றது. 1899இல் பிடிபட்டது 12 லட்சம் பவுண்டுக்கு மேல்.

நான் ரட்கர்ஸில் எம்.எஸ். முடித்து, எடிசனில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பிறகு இங்கே வந்தவன். நேவசிங்க் ஆறு எடிசனிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். இதைப் படித்த அன்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன்: "இவனும் நம்ம ரூட்லதான் வந்திருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இது நான்-நேட்டிவ். சாமன் குஞ்சையெல்லாம் தின்னுடும். ஸ்கூல்ல படிச்சோம்."

தின்னும் என்பது உண்மை. அதற்காக இதன் அளவு வரம்பைத் தளர்த்தி நிறையப் பிடிக்க விட வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மாநில ஆணையம் 2012இல் அதை நிராகரித்தது. இன்னொரு உண்மையும் உண்டு. சாமன் மலையேறி முட்டையிட்ட ஓடைகளை அடைத்தது 1945இல் முடிந்த ஷாஸ்டா அணை. ஆற்றுத் தண்ணீரைத் தெற்கே வயல்களுக்கும் நகரங்களுக்கும் இறைப்பது நாம். இந்த மீனும் சாமனும் அறுபது எழுபது ஆண்டுகள் ஒரே ஆற்றில் நிறையவே இருந்திருக்கின்றன. ஆறு சுருங்கிய பிறகுதான் யார் வந்தேறி என்ற கேள்வி உரத்துக் கேட்கத் தொடங்கியது. இதை மகளிடம் சொன்னபோது நான் மீனுக்காக மட்டும் வாதாடவில்லை என்பது அவளுக்கும் புரிந்தது. "நீங்க ரொம்ப பெர்சனலா எடுக்கறீங்க" என்றாள்.

2025 கோடையில் அம்மா வந்திருந்தாள். அவளுக்கு மீன் என்றால் காலையில் கூடையில் வருவது, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவது, மதியத்துக்குள் குழம்பில் கொதிப்பது. எங்கள் கூட இரண்டு முறை கடற்கரைக்கு வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி ஒரு ஸ்ட்ரைப்பரைக் கரையேற்றி, இடுக்கியால் முள்ளைக் கழற்றி, அலையில் நிமிர்த்திப் பிடித்து நீந்த விட்டதைப் பார்த்தாள்.

"ஏட்டி, நல்ல மீனைல்லா விட்டுட்ட?"

"சாப்பிடக் கூடாது ஆச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். "திங்காத மீனை எதுக்குய்யா வாயில முள்ளக் குத்தி இழுக்கணும்?"

அதற்கான பதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சான் ஹோசேயின் தென்கோடியில் நியூ அல்மடேன் என்ற பாதரசச் சுரங்கம் இருந்தது. வட அமெரிக்காவில் அவ்வளவு பாதரசம் தோண்டிய இடம் வேறில்லை. மலை ஓடைகளில் தங்கத் துகளைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டியிருந்தது. தங்க வேட்டைக் காலத்தில் அதைக் கொடுத்தது இந்த ஊர். ஊர்ப் பத்திரிகையின் பெயரில் மெர்க்குரி இருப்பதும் அதனால்தான். இன்று சுரங்கம் மூடி, பூங்காவாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் நடை போகிறார்கள். ஆனால் சுரங்கக் கழிவு குவாடலூப்பே ஆற்றின் வழியே விரிகுடாவில் இறங்கியது இறங்கியதுதான். சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை உடம்பில் தங்கும் வடிவமாக மாற்றுகின்றன. சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று படிப்படியாக அது ஏறுகிறது. நெடுநாள் வாழ்ந்து நிறையத் தின்னும் ஸ்ட்ரைப்பரிடம் வந்து சேர்கிறது. விரிகுடாவுக்கும் கடலுக்கும் போய்வருகிற மீன் அது. பசிபிக்காவில் பிடித்தாலும் உடம்பிலிருப்பது விரிகுடாவின் கணக்கு.

எனவே மாநில அரசின் அறிவுரை: விரிகுடா ஸ்ட்ரைப்பரைக் குழந்தைகளும், 18 முதல் 49 வயது வரையிலான பெண்களும் சாப்பிடக் கூடாது. பிறக்கப்போகும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். ஆண்களும் 50 வயதைத் தாண்டிய பெண்களும் அளவோடு சாப்பிடலாம்.

அதாவது எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் சாப்பிடலாம். மனைவிக்கும் மகளுக்கும் கிடையாது.

அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. ஆண்களுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்ற காலத்திலிருந்து வந்தவள் அவள். "அந்தக் கணக்கு இங்கயுமா?" என்றாள். அப்படியானால் பிள்ளைகள் சாப்பிடக்கூடிய மீனைப் பிடியுங்கள் என்றாள். சாமன் அப்படிப்பட்டது, அதில் பாதரசம் குறைவு. அதைப் பிடிக்கத்தான் அப்போது அனுமதி இல்லை. 2023இலும் 2024இலும் கலிஃபோர்னியக் கடலில் சாமன் பிடிப்பை முழுதாக மூடிவிட்டார்கள். 2025 கோடையில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஜூன் 7, 8 என்று இரண்டு நாள் திறந்தார்கள். அந்த இரண்டு நாளிலேயே கோடைக்கான ஒதுக்கீடு தீர்ந்துபோனது. தடை அம்மாவுக்குப் புதிதல்ல. ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். "அது 61 நாளுய்யா. இது என்ன, வருசக்கணக்கா?" என்றாள்.

ஆகஸ்டில் மகள் 24 அங்குலத்தில் ஒன்று பிடித்தாள். விடப் போனவளை அம்மா தடுத்தாள். "பேத்தி பிடிச்ச மீனு. நான் திம்பேன். எனக்கு இனி பிள்ளையா பெறக்கப் போவுது?"

அன்று இரவு புளியும் தேங்காயும் அரைத்த குழம்பு. மகளுக்கும் மனைவிக்கும் முட்டைக் குழம்பு. பிடித்தவள் எங்கள் எதிரே உட்கார்ந்து, நாங்கள் முள் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு ஆச்சி?"

அம்மா சற்று மென்றாள். "கொடுவா மாதிரி வராது. ஆனா கெட்டியா, நல்லாத்தான் இருக்கு. தண்ணி குளுந்த தண்ணில்லா."

மகள் கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டாள். "நான் 2061ல சாப்பிடலாம்" என்றாள். அவளுக்கு 50 வயது நிறையும் ஆண்டு அது. இந்தக் குடும்பத்தில் இந்த ஊர்க்காரி என்று கேள்வியில்லாமல் சொல்லத்தக்கவள் அவள் ஒருத்திதான். இங்கேயே பிறந்தவள். இந்த ஊர் மீனுக்கு அவள்தான் அதிக நாள் காத்திருக்க வேண்டும்.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். மீதமிருந்த துண்டுகள் உறைபெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியில் கேட்கிறாள், மீன் நிலவரம் என்ன என்று. சாமன் திறந்தார்களா என்றுதான் கேட்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். மகள்தான் இப்போது பதில் சொல்கிறாள்: "இன்னும் இல்ல ஆச்சி."