பின்னால் வரும் சக்கரம்

தென்காசியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், ஊர் முடிந்துவிட்டதென்று எண்ணுகிற தறுவாயில் எதிர்ப்படும் குத்துக்கல்வலசையில், குற்றாலத்துச் சாரலை நாடி வரும் பிரயாணிகள் இறங்குவதற்கு யாதொரு முகாந்திரமும் இல்லை. அருவியின் நினைவில் லயித்தபடியே கடந்துவிடுகிறார்கள். சக்கரத்தை நம்பி ஜீவனம் நடத்துகிறவர்களின் கணக்கு வேறு. புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையாள நாட்டுக்கு ஏறுகிற லாரிகளும், வயல்களிலிருந்து வைக்கோலும் நெல்லும், சூளைகளிலிருந்து செங்கல்லும் ஏற்றித் திரிகிற டிராக்டர்களும் ஏதேனும் ஒரு சமயம் இந்தப் பக்கத்துப் பஞ்சர் கடைகளின் முன்னால் ஒருபுறமாகச் சாய்ந்து நின்றே தீர வேண்டியிருக்கிறது. பிசான அறுவடை முடிந்து வைக்கோல் ஏறும் மாசி மாதத்தில், அத்தகைய கடை ஒன்றில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

கடையென்று சொல்வது உபசாரம். தகரக் கூரை, கம்ப்ரஸர், அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணாச்சி, அவருக்குக் கையாளாக ஒரு பையன் - இவ்வளவே ஆஸ்தி. மூலையில் டியூபைச் சூடேற்றி ஒட்டுகிற சிறு இரும்பு அழுத்தி இருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைபெறும் என்பதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். அந்த ரப்பரை நம் தேசத்தில் வியாபாரப் பயிராக 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் முதலில் நட்டார்கள். குட்இயரின் வித்தை இங்கே கைப்பிடியைத் திருகி இறுக்கிய மாத்திரத்தில், பையன் தேநீர் வாங்கி வருவதற்குள் நடந்தேறிவிடுகிறது.

உச்சி வேளைக்குச் சற்று முன்பு, ஒற்றை அச்சு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்து நின்றது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, யாரோ பின்னாலேருந்து புடிச்சுப் புடிச்சு விடுத மாதிரி இருக்கு. கொக்கியை மாத்தியாச்சு, பின்னையும் மாத்தியாச்சு, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. ரோடும் மோசம்."

"வெறும் வண்டியா வந்தா?"

"அப்பவும் குதிக்கத்தான் செய்யுது. வேகம் கூடுனா குதிக்கதும் கூடுது."

"அப்ப ரோட்டைக் குத்தம் சொல்லாதேயும். ரோட்டுப் பள்ளம் உம்ம வேகத்துக்குத் தாளம் போடுமாக்கும்?"

விளையாட்டாகச் சொன்ன இந்த வார்த்தைக்குள் முழுத் தர்க்கமும் அடங்கியிருந்தது. அந்த டிரெய்லரின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் எட்டடிக்குச் சற்று மேல் நகரும்; மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு இரண்டு சுற்றுக்கு மேல் ஆகிறது. சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் வருகிற அதிர்ச்சி, சுற்றுகிற பொருளிலிருந்தே வர வேண்டும்.

அண்ணாச்சி அச்சுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து இடப்பக்கச் சக்கரத்தைத் தூக்கினார். முதலில் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியிருந்தால் பேரிங்கைச் சந்தேகித்திருப்பாராம். சேற்று வயலில் இறங்கி ஏறும் வண்டிக்கு ஹப்புக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடுவது சகஜம். ஆட்டம் இல்லை. பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒரு செங்கலின் மேல் முழங்கையை ஊன்றி, சாக்கட்டியை டயருக்கு மயிரிழை தூரத்தில் அசையாமல் பிடித்தார். வட்டம் சுத்தமாயிருந்தால் எங்கும் படாது, அல்லது எங்கும் ஒன்றுபோல் படும். இங்கே ஒரே இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்துக்கு நேரே, வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத உட்புறத்தில் கையை விட்டுத் தடவியவர், என் கையையும் இழுத்து வைத்தார். டயரின் பக்கவாட்டில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்; உள்ளே நூலிழைகள் அறுந்து, மேல் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சாமானியத் தொழிலாளி இவ்விடத்தில் டயரைக் கழற்றியிருப்பான். அண்ணாச்சியோ வீக்கம் ஏன் வந்தது என்ற விசாரணையில் இறங்கினார். டயரின் மேலே உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினார். ஒரு திசையில் வழுக்கி எதிர்த் திசையில் சுரண்டினால் சக்கரம் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம், ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இதிலோ இரண்டு ஓரமும் மொட்டையாகி, நடுவில் மட்டும் பட்டன் மிச்சமிருந்தது. நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியதற்குப் பிரத்தியட்சமான சாட்சி அது. பிறகு வலப்பக்கம் போய் டயரின் எழுத்தைத் துடைத்துப் பார்த்தவர், "இங்க வாரும்" என்று கூப்பிட்டார். இடப்பக்கம் 7.50-16, வலப்பக்கம் 8.25-16. உயரம் கூடிய டயர் ஒருபுறமும் குறைந்தது மறுபுறமும் இருந்ததால், பாரம் எப்போதும் இடப்பக்கம் சரிந்திருக்கிறது, காற்றும் குறைவு, மடிந்து மடிந்து சூடேறிய பக்கவாட்டு ஏதோ ஒரு கல்லில் அடிபட்டபோது இழை அறுந்துவிட்டது.

டிரெய்லருக்கென்று யாரும் டயர் தேர்ந்தெடுப்பதில்லை. அண்ணன் கழித்த சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதுபோல, மினி லாரியில் ஓடித் தேய்ந்ததும் யாரோ மலிவாகக் கொடுத்ததும் அதன் காலில் ஏறுகின்றன. டிராக்டரின் முன்சக்கரம் கெட்டால் ஸ்டியரிங் உடனே கைக்குச் சொல்லிவிடும். டிரெய்லர் சக்கரமோ தன் அவஸ்தையைக் கொக்கி வழியாகக் குலுக்கலாக அனுப்புவதைத் தவிர வேறு வழியறியாது, அதையும் நாம் ரோட்டின் தலையில் கட்டிவிடுகிறோம். சுமையை வாங்குகிற சக்கரத்துக்கே கழிவு டயர் என்பது சிக்கனமல்ல, சுத்த அசிரத்தை என்பது என் அபிப்பிராயம். ஒரு டயரின் விலையே கையைக் கடிக்கிற விவசாயியிடம் இதை உரக்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அண்ணாச்சிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. காலையில் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்று மிகுதியாய்க் காட்டுகிறதேயென்று திறந்துவிடக் கூடாது. வேலையில்லாத மாதங்களில் அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஓலையோ சாக்கோ போட்டு வெயில் மறைக்க வேண்டும். இல்லையேல் நின்ற இடம் தட்டையாகி, பக்கவாட்டில் வெடிப்பு ஓடும். பழைய டயர் வாங்கும்போது பட்டனை மட்டும் பாராமல் பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும்: 3219 என்று பொறித்திருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். சொந்தக்காரர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, வீக்கத்தைக் காட்டி, "உள்ளே ஒரு பட்டை போட்டு ஒட்டினா இந்த வைக்கோல் முடியுற வரைக்கும் ஓடாதா?" என்றார்.

"டியூபுன்னா ஒட்டுவேன். அறுந்த இழையை ஒட்ட நான் நெசவுக்காரனா?"

பேரம் அரை மணி நேரம் நீடித்தது. கடைசியில் வலப்பக்கத்துக்கு ஜோடியாக, அதே அளவில் ஒரு பழைய டயர் கிடைத்தது. வீங்கினதை மாட்டுத் தொட்டிக்கு ஆகுமென்று சொந்தக்காரர் விடாமல் கேட்டு வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொண்டார். பையன் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கிக்கொண்டிருக்க, அண்ணாச்சி இரண்டு பக்கமும் ஒரே அளவு காற்று ஏற்றி, டிராக்டர் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்:

"ஒரு நடை அடிச்சிட்டு வாரும், நட்டு இளகியிருக்கும். முறுக்கித் தாரேன், அதுக்குத் துட்டு வேண்டாம்."