தூண் அல்ல, தூன்

நெதர்லாந்தின் லேவார்டனில் குடியேறிய முதல் கோடையில் பக்கத்து வீட்டு மனுசியைத் தேடிப் போனேன். கதவடியில் ஆளில்லை. பின்பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. அதில் எனக்குப் பிடிபட்டது ‘தூண்’ ஒன்றுதான். இந்த வீட்டில் தூண் ஏது என்று யோசித்தபடி சுற்றிப் போனால், மனுசி வெங்காயப் பாத்திக்குள் முழங்காலில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தா.

இங்கே பேசும் மேற்கு ஃபிரீசிய மொழியில் ‘தூன்’ என்றால் தோட்டம். (இதையும் நம்முடைய தூணையும் முடிச்சுப்போட ஆசைப்படுவோர் உண்டு. வேண்டாம், ஒலி ஒற்றுமைக்கு மேல் அங்கே ஒன்றுமில்லை.) டச்சிலும் அந்தச் சொல்லுக்குத் தோட்டம்தான் பொருள். எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனால் அது ‘ட்சவுன்’, பொருள் வேலி. ஆங்கிலத்தில் ‘டென்’ என்கிற பத்து ஜெர்மனில் ‘ட்சேன்’ ஆனதுபோலவே அங்கே முதலெழுத்து திரிந்துவிட்டது. ஐஸ்லாந்தில் பண்ணை வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளி ‘தூன்’. ஆங்கிலேயரிடம் அது அடைப்பாக இருந்து, பண்ணையாகி, ஊராகி, கடைசியில் ‘டவுன்’ ஆயிற்று. பிரைட்டன், கிங்ஸ்டன் என்ற ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் இதுதான்.

எல்லாவற்றுக்கும் மூலம் வேலி. அடைத்தது மறந்து, அடைபட்டதற்குப் பெயர் நின்றுவிட்டது. இது எனக்குப் புதினமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் 20 மா நிலத்தை ‘ஒரு வேலி’ என்பார்கள். டச்சுக்காரர் மட்டும் பழைய பொருளை ஒரு மரபுத்தொடரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: ஒருவரை ஏமாற்றுவதை ‘தோட்டத்தைச் சுற்றிக் கூட்டிப்போவது’ என்பார்கள். தோட்டத்தைச் சுற்றினால் என்ன ஏமாற்று? வேலி என்று வாசித்தால்தான் விளங்கும், உள்ளே விடாமல் சுற்றவிடுவது.

யாழ்ப்பாணத்தானுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. கிளுவைக் கதியால் ஒரு விரற்கடை நகர்ந்ததற்காக என் ஐயா பக்கத்து வளவுக்காரரோடு ஒன்பது வருடம் பேசாமலிருந்தார். கிடுகு மாற்றும் நாளில் கயிறு பிடித்து அளந்துகொண்டு நிற்பார்.

இங்கே மேய்ச்சல் நிலங்களுக்கு வேலியே அருமை. வயலுக்கு வயல் தண்ணீர் நிற்கும் வாய்க்கால்தான் எல்லை. தொலைபேசியில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

“வேலி இல்லாட்டி மாடு உள்ளுக்க வராதோ?”

“வாய்க்கால் இருக்கெல்லோ அம்மா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப வாய்க்காலை ஆர் வெட்டுறது, நீங்களோ அவையளோ?”